பல் கத்தி தக்காளியை நசுக்குகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியை வட்ட வட்டமாக நறுக்குவது எளிதான வேலை இல்லை. பழுக்கப் பழுக்க, சதையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்து உள்ளே இளகிவிடுகிறது. தோல் மட்டும் பழைய உறுதியோடு அப்படியே இருக்கிறது. மேலே வழவழப்பான கெட்டித் தோல், உள்ளே கூழ். கொஞ்சம் மொக்கையான சாதாரண கத்தி அந்தத் தோலில் வழுக்கும். அழுத்தினால், தோல் கிழிவதற்கு முன்பே சதை நசுங்கிச் சாறு பலகையில் ஓடும்.

பல் கத்தி கைகொடுப்பது இந்த இடத்தில்தான். விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தோலைத் தொடாமல் பற்களின் நுனி மட்டும் முதலில் தொடுவதால், கையின் விசை சில புள்ளிகளில் குவிந்து தோலைக் குத்தித் திறக்கிறது. அப்புறம் பற்களுக்கு நடுவே உள்ள பள்ளங்கள் அந்தத் திறப்பில் இறங்கி வெட்டிக்கொண்டு போகின்றன. நுனி பலகையில் பட்டுத் தேய்ந்தாலும் பள்ளம் பலகையைத் தொடுவதே இல்லை. அதனால்தான் பல் கத்தி சாணை பார்க்காமலே நீண்ட நாள் உழைக்கிறது.

அப்படிப்பட்ட கத்தியே தக்காளியை நசுக்கினால் எங்கோ கோளாறு. கத்தியில் இருக்கலாம், கையில் இருக்கலாம், பலகையில்கூட இருக்கலாம். இருபது வருடங்களாகத் தினமும் கிலோ கணக்கில் தக்காளி நறுக்கும் சமையலறை என்னுடையது. அக்கம்பக்கத்தில் யாராவது கத்தியைக் கொண்டுவந்து காட்டினால், பெரும்பாலும் கத்தியில் குறை இருக்காது. அதனால் புதுக் கத்தி வாங்கும் முன் கீழே உள்ளதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில் கத்தியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜன்னல் வெளிச்சத்தில் கத்தியைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, பல்லின் அளவு. தக்காளிக்கென்றே வரும் சின்னக் கத்தியில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கும். பிரெட் கத்தியில் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் விற்கும் தக்காளிக் கத்தியை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள்: 11 செ.மீ. அலகு, வட்ட முனை, நெருக்கமான சின்ன அலைகள். சின்னப் பல் கத்தி என்று நான் சொல்லும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, சரிவு எந்தப் பக்கம் என்பது. பெரும்பாலான பல் கத்திகளில் பற்களை ஒரு பக்கத்தில் மட்டும்தான் சீவியிருப்பார்கள். அந்தப் பக்கம் சின்னச் சின்ன வளைவுகள் வெளிச்சத்தில் மின்னும். மறுபக்கம் தட்டையாக இருக்கும். கத்தி கோணலாகப் போவதற்கும், தீட்டும் முறைக்கும் இதுதான் ஆதாரம்.

மூன்று, நுனிகள். புதுப் பல்லின் நுனி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. மழுங்கிய நுனி ஊசித் தலை அளவு வெள்ளைப் புள்ளியாக மின்னும். அலகு நெடுக அப்படிப் புள்ளிகள் தெரிந்தால் நுனி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். கண் போதும்.

அடுத்தது ஒரு சோதனை. தாளை வெட்டிப் பார்ப்பது சாதாரண கத்திக்கான சோதனை. பல் கத்தி புதிதாக இருந்தாலும் தாளைப் பிய்க்கும். அதற்குப் பதில் பழுத்த தக்காளி ஒன்றைப் பலகையில் வைத்து, அதன்மேல் கத்தியைச் சும்மா வைத்து, துளிகூட அழுத்தாமல் கைப்பிடியை உங்கள் பக்கமாக ஒரே இழுப்பாக இழுங்கள். கத்தியின் கனமே போதும். தோல் திறந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. உங்கள் தொல்லைக்கு வேறு எங்கோ காரணம்.

தோல் கிழியவில்லை, தக்காளி அமுங்குகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். முதல் காரணம் அழுத்தம். வெங்காயம், கேரட் நறுக்கிப் பழகிய கை கத்தியைக் கீழே தள்ளுகிறது. பல் கத்திக்கு அது ஒத்துவராது. மெத்தென்ற பொருளை மேலிருந்து அழுத்தினால் அது முழுவதும் சேர்ந்து அமுங்கி விசையை விழுங்கிவிடும். அதே கத்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் விளிம்பு படும் இடத்தில் மட்டும் தோல் இழுபட்டு, சின்ன விரிசல் விழுந்து, அது வளர்கிறது. 2012-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அகார் ஜெல்லில் (கடல்பாசி ஜெல்லி) இதைச் சோதித்து, அழுத்துவதைவிட இழுத்து வெட்டும்போது மென்மையான பொருள் குறைந்த விசையிலேயே பிளப்பதை விளக்கியிருக்கிறார்கள்.

அரிவாள்மனையில் உட்கார்ந்த பாட்டிமார்களுக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும். அவர்கள் தக்காளியை அலகின்மேல் அழுத்த மாட்டார்கள். இரண்டு கையாலும் பிடித்து, அலகின் வளைவோடு முன்னே தள்ளி இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அலகு அசையாது, காய் நகரும். கத்தியில் அதையே திருப்பிப் போடுங்கள்: காய் அசையக் கூடாது, அலகு நகர வேண்டும்.

செய்முறை இதுதான். கத்தியின் அடிப்பகுதியை, அதாவது கைப்பிடிக்கு அருகில் இருக்கும் பற்களை, தக்காளியின் மேல் வையுங்கள். கத்தி முனை வரை வரும்படி நீளமாக ஒரே இழுப்பு. தோல் திறந்துவிடும். அப்புறம் முன்னும் பின்னும் இரண்டு, மூன்று நீள ஓட்டம் போதும். ஒரு அங்குலத்துக்குள் கிடுகிடுவென அறுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சதை கூழாவது அதனால்தான். 11 செ.மீ. கத்திக்குப் பெரிய நாட்டுத் தக்காளி கொஞ்சம் கூடுதல். இழுக்க நீளம் போதாமல்தான் கை தானாக அழுத்தத் தொடங்குகிறது. பெரிய தக்காளியை முதலில் இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து நறுக்குங்கள்.

தோல் ஈரமாக இருந்தாலும் பற்கள் வழுக்கும். கழுவிய தக்காளியைத் துணியால் ஒற்றி எடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் வித்தியாசம் கையில் தெரியும்.

இதெல்லாம் செய்தும் கத்தி வழுக்கினால் நுனிகள் தேய்ந்திருக்கின்றன. கீழே தீட்டும் பகுதிக்குப் போங்கள்.

வெட்டுகிறது, ஆனால் சாறும் விதையும் கொட்டுகின்றன

இங்கே கத்தியைக் குற்றம் சொல்வதற்கு முன் தக்காளியைப் பாருங்கள். நாட்டுத் தக்காளிக்கு மெல்லிய தோல், நிறைய அறைகள், நிறையச் சாறு, நல்ல புளிப்பு. ரசத்துக்கு அதைவிட்டால் வேறில்லை. சாண்ட்விச்சுக்கும் சாலட்டுக்கும் அது சரிப்படாது. பெங்களூர்த் தக்காளி என்று கடையில் சொல்லும் ஹைப்ரிட் வகைக்குச் சதை அதிகம், சாறு குறைவு. வட்டத் துண்டு முழுசாக நிற்க வேண்டுமென்றால் அதை வாங்குங்கள்.

நாட்டுத் தக்காளிதான் வேண்டும் என்றால், நறுக்கும் திசையை மாற்றிப் பாருங்கள். குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் எல்லா விதையறைகளும் இரண்டு பக்கமும் திறந்துவிடும். காம்பிலிருந்து கீழாக நறுக்கினால் கத்தி பெரும்பாலும் அறைகளின் சுவரை ஒட்டிப் போகும், கசிவு குறையும். சாலட்டுக்கு நான் இப்படித்தான் நறுக்குகிறேன்.

மிகவும் பழுத்ததை நறுக்கும் முன் கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சதை கொஞ்சம் இறுகும். கால் மணி நேரம்தான். நாள் கணக்கில் வைத்தால் தக்காளியின் மணம் போய், சதை மாவு மாதிரி ஆகிவிடும்.

உப்பு கடைசியில். நறுக்கிய துண்டின்மேல் உப்பு விழுந்த நொடியிலிருந்து அது நீர் விடத் தொடங்கும். தட்டில் சாறு நிற்பதற்குக் கத்தியைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில், நறுக்கும் முன்பே பலகையில் உப்பைத் தூவி வைத்திருந்தார்கள்.

துண்டின் ஓரம் பிய்ந்து, நார் நாராக இருக்கிறது

பல் பெரிதாக இருந்தால் இப்படி ஆகும். பிரெட் கத்தியின் பெரிய பல் ரொட்டியின் மேல் ஓட்டைக் கடிக்கச் செய்தது. தக்காளித் தோலில் அது கொக்கி மாதிரி மாட்டி இழுக்கும். வீட்டில் அது ஒன்றுதான் இருக்கிறது என்றால் முடிந்தவரை மெதுவாக இழுங்கள். அடிக்கடி தக்காளி நறுக்குகிறவர்கள் சின்னப் பல் கத்தி ஒன்று தனியாக வாங்கிவிடுவது நல்லது.

புதிதாகத் தீட்டிய கத்தி பிய்த்தால் பிசிறு மிச்சம் இருக்கிறது. தீட்டும்போது விளிம்பிலிருந்து மெல்லிய உலோகத் தகடு மறுபக்கம் மடிந்து நிற்கும், அதுதான் பிசிறு. தட்டைப் பக்கத்தை நியூஸ்பேப்பர் மடிப்பின்மேல் படுக்கவைத்து, முதுகு முன்னே போகும்படி நாலைந்து முறை இழுத்தால் உதிர்ந்துவிடும்.

இன்னொரு காரணம், பல் கத்திக்கு உரியதல்லாத பொருளை அதில் நறுக்குவது. கெட்டித் தோல், மென்மையான உள்ளே: இந்த இரண்டும் சேர்ந்தால் பல் கத்தி. தக்காளி, கொடைக்கானல் பிளம்ஸ், பீச், திராட்சை, குடைமிளகாய், எலுமிச்சை, சாத்துக்குடி எல்லாம் அந்த வகை. மாம்பழத்தில் தோலை வகுந்துவிடும். நார் உள்ள ரகமாக இருந்தால் சதைக்குள் போனதும் ஒவ்வொரு நாரும் பல்லில் மாட்டும். அங்கே கூரான சாதாரண கத்திதான் சரி. தோல் சீவிய பப்பாளிக்கும் வாழைப்பழத்துக்கும் பல் தேவையே இல்லை. கொத்தமல்லி, கீரையைப் பல் கத்தியால் நறுக்கினால் இலை கசங்கி ஓரம் கறுக்கும். அவித்த முட்டைக்கு நூல்.

முன்பு நன்றாக வெட்டியது, இப்போது வெட்டவில்லை

தீட்டும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பள்ளங்களில் காய்ந்த தக்காளித் தோலும் விதையும் அடைத்திருந்தால் பல் இருந்தும் இல்லாத மாதிரிதான். பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், முதுகிலிருந்து விளிம்பு நோக்கித் தேயுங்கள். இதிலேயே பாதிக் கத்திகள் உயிர் பெற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எதன்மேல் நறுக்குகிறீர்கள்? எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் நறுக்குவது நம் வீடுகளில் சகஜம். கிரானைட் மேடையில் நேராக நறுக்குகிறவர்களும் உண்டு. பீங்கான் தட்டு, கண்ணாடிப் பலகையும் மோசம்தான். பல் கத்தியில் பலகையைத் தொடுவது நுனிகள் மட்டும். கை கொடுக்கும் அழுத்தம் எல்லாம் அந்த நுனிகளில் இறங்குகிறது. கல்லின்மேல் ஒரு மாதம் நறுக்கினால் நுனி வட்டமாகிவிடும். மரப்பலகையோ பிளாஸ்டிக் பலகையோ வாங்காமல் கத்தியைத் தீட்டிப் பயனில்லை.

சரி, தீட்டத்தான் வேண்டும் என்று முடிவானால், முதலில் செய்யக் கூடாதது. பல வருடங்களுக்கு முன் தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வந்தவரிடம் அரிவாள்மனை, கத்திரிக்கோலோடு என் பல் கத்தியையும் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது பல்லு வெச்ச கத்தி. சக்கரத்துல புடிச்சா பல்லு போயிடும். வேணாங்க்கா” என்றார். பரவாயில்லை, கூரானால் போதும் என்று நான்தான் வற்புறுத்தினேன். பெடலை மிதித்தார், பொறி பறந்தது, இரண்டு நிமிடத்தில் அலையெல்லாம் மறைந்து நேர் விளிம்பாக வந்தது. சாணைக்கல் அப்படித்தான் வேலை செய்யும், பள்ளத்துக்குள் அது போகாது. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் கத்தி இன்னும் இருந்திருக்கும். அலகை உள்ளே விட்டு இழுக்கும் சின்னப் பெட்டி மாதிரியான ஷார்ப்பனரும் அதே கெடுதலைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக.

இனி செய்ய வேண்டியது. பல்லின் அளவைப் பொறுத்து இரண்டு வழி.

பெரிய பல் என்றால் ஒவ்வொரு பள்ளமாகத் தீட்ட வேண்டும். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளை 600, 1000 என்று கேட்டு ஒவ்வொரு தாள் வாங்குங்கள். பள்ளத்தின் அகலத்துக்குப் பொருந்தும் உருண்டைக் குச்சி ஒன்று வேண்டும்: பெரிய பள்ளத்துக்குப் பென்சில், சிறியதற்கு மூங்கில் குச்சி. குச்சி பள்ளத்தைவிடத் தடியாக இருந்தால் நுனிகளைத் தின்றுவிடும். தாளைக் குச்சியில் ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். ஈரத் துணியை மேசையில் விரித்து, சரிவுப் பக்கம் மேலே தெரிய, விளிம்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி கத்தியை வையுங்கள். சரிவுகளில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசிவிடுங்கள். குச்சியைப் பள்ளத்தில் வைத்து, சரிவின் சாய்வு எவ்வளவோ அதே சாய்வில், முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். ஐந்தாறு முறை. மை முழுவதும் சீராகப் போனால் சாய்வு சரி. முதுகுப் பக்கம் மட்டும் போயிருந்தால் குச்சியைக் கொஞ்சம் தூக்குங்கள். விளிம்பில் மட்டும் போயிருந்தால் தாழ்த்துங்கள். விரல் எப்போதும் விளிம்புக்குப் பின்னாலேயே இருக்கட்டும். 600-இல் எல்லாப் பள்ளமும் முடித்துவிட்டு 1000-இல் இரண்டிரண்டு முறை. கடையில் டயமண்ட் பூசிய கூம்பு வடிவக் கம்பி கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். எந்தப் பள்ளத்துக்கும் அதில் பொருந்தும் ஒரு தடிமன் இருக்கும்.

சின்னப் பல் கத்தியில் பல் ஐம்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகத் தீட்ட முடியாது, தேவையும் இல்லை. தட்டையான மறுபக்கத்தை 1000 அளவுள்ள தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுப் படுக்கவைத்து, முதுகை ஒரு தாள் தடிமன் அளவு மட்டும் தூக்கி, ஐந்து அல்லது ஆறு முறை தேயுங்கள். பின்பக்கத்திலிருந்து துளி உலோகம் போகும்போது நுனியும் பள்ளமும் சேர்ந்து கூராகின்றன. அலைகளின் வடிவம் அப்படியே இருக்கும். கல் இல்லாதவர்கள் பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாமல் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தேய்க்கலாம். என் கத்திக்கு வருடத்தில் இரண்டு முறை இது போதுமானதாக இருக்கிறது. அடிக்கடி செய்தால் பல் உயரம் குறைந்துகொண்டே வரும், நிறுத்தி நிதானமாகச் செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் பல் வெட்டிய கத்திகள் சில உண்டு. “தீட்டவே வேண்டாம்” என்று அட்டையில் போட்டு விற்பவற்றிலும் இந்த வகை இருக்கலாம். அவற்றுக்கு மேலே சொன்ன எதுவும் பலிக்காது. வெட்டும் வரை வெட்டட்டும்.

நடுவில் மட்டும் வெட்டவில்லை

எல்லாரும் அலகின் நடுப்பகுதியையே பயன்படுத்துவதால் அங்கேதான் முதலில் தேயும். அடிப்பக்கமும் முனைப்பக்கமும் புதிது மாதிரியே இருக்கும். கத்தியைத் தீட்டும் வரை, அடியில் தொடங்கி முனை வரை நீளமாக இழுத்துச் சமாளிக்கலாம். அந்தப் பழக்கம் தொடர்ந்தால் தேய்மானமும் சமமாகிவிடும். ஒரே ஒரு இடத்தில் மாட்டி நிற்கிறது என்றால் ஒரு பல் மடங்கியிருக்கும். பலாக்கொட்டை, எலும்பு, உறைந்த பொட்டலம் என்று எதையாவது வெட்டியிருப்பீர்கள். தட்டைப் பக்கத்தைக் கல்லில் தேய்த்தால் பெரும்பாலும் நேராகிவிடும். உடைந்த பல்லை ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் ஒரு பல் போனால் வெட்டு கெட்டுப்போகாது.

நேராகத் தொடங்கி, கோணலாக முடிகிறது

துண்டு மேலே மெல்லியதாக, கீழே தடியாக வருகிறது. அல்லது பாதியிலேயே மெலிந்து தீர்ந்துபோகிறது. இதில் உங்கள் கை குற்றவாளி இல்லை. ஒரு பக்கம் மட்டும் சரிவு உள்ள அலகு உள்ளே இறங்கும்போது, சரிவுப் பக்கத்திலிருந்து சதை அதைத் தள்ளுகிறது. அதனால் கத்தி தட்டையான பக்கமாக ஒதுங்குகிறது. கத்தியைப் பிடித்த வாக்கில் சரிவு வலப்பக்கம் இருந்தால் அது இடப்பக்கம் ஓடும். வலக்கையால் நறுக்குகிறவருக்கு அது காய்க்குள்ளே போகிற திசை, எனவே துண்டின் அடி தடிக்கும். இடக்கைக்காரருக்கு அதே கத்தி வெளியே ஓடும், துண்டு பாதியில் தீர்ந்துவிடும்.

இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைகளை “உனக்கு நறுக்கவே தெரியல” என்று சொல்லும் வீடுகளில் இதை நான் ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்கிறேன். அந்தக் கத்தி அவர்கள் கைக்குச் செய்தது இல்லை. சரிவு மறுபக்கம் உள்ள கத்தி விற்கிறார்கள், தேடி வாங்கிக் கொடுங்கள். அதுவரை சாதாரண கத்தியைக் கூராக்கிக் கொடுக்கலாம்.

வலக்கைக்காரர்கள் செய்ய வேண்டியது: சரிவு வலப்பக்கம் என்றால் கத்தியின் முதுகை மிக லேசாக இடப்பக்கம் சாய்த்துத் தொடங்குங்கள். அழுத்தத்தைக் குறையுங்கள், அழுத்த அழுத்தத்தான் ஓட்டம் அதிகமாகும். அலகு மெல்லியதாக வளையக்கூடியதாக இருந்தால் ஓட்டம் இன்னும் கூடும், அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

துண்டுகள் அலகிலேயே ஒட்டிக்கொள்கின்றன

ஈரமான தட்டைப் பரப்பில் ஈரமான துண்டு ஒட்டத்தான் செய்யும். ஒவ்வொரு துண்டும் விழுந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள், அடுக்காகச் சேர விடாதீர்கள். நாலைந்து துண்டுக்கு ஒருமுறை ஈரத்துணியில் அலகை முதுகுப் பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டால் போதும்.

துருப்புள்ளி, கறை

எவர்சில்வர் கத்தி துருப்பிடிக்காது என்று நம்பித்தான் வாங்குகிறோம். கத்தி எஃகில் கரி (கார்பன்) இருக்க வேண்டும், இல்லையென்றால் கூர் நிற்காது. ஐரோப்பியச் சமையலறைக் கத்திகளில் பரவலாக இருக்கும் எஃகில் ஏறக்குறைய 0.5 சதவீதம் கரியும் 15 சதவீதம் குரோமியமும் உண்டு. குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் போடுகிறது. புளிப்பும் உப்பும் சேர்ந்து நீண்ட நேரம் இருந்தால் அந்தப் படலம் அங்கங்கே உடையும். தக்காளி புளிப்பானது, அதன் pH 4-க்கும் 5-க்கும் இடையே. நறுக்கிய கத்தியை அப்படியே தொட்டியில் போட்டு, மேலே ரசப் பாத்திரமும் ஊறுகாய்க் கரண்டியும் விழுந்து, இரவு முழுவதும் ஊறினால் காலையில் பள்ளங்களில் பழுப்புப் புள்ளி தெரியும். மற்ற கத்தியில் துடைத்தால் போய்விடும். பல் கத்தியில் அது பள்ளத்துக்குள் இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை, அங்கேயே அரித்துக் குழியாகிவிடுகிறது.

புதிய புள்ளி என்றால் சமையல் சோடாவில் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்து டூத் பிரஷால் தேயுங்கள். இரும்பு நார், சபீனா மாதிரித் தூள் போட்டு விளிம்பில் தேய்க்க வேண்டாம். நறுக்கி முடித்ததும் குழாயில் காட்டிக் கழுவி, துடைத்து, காய வைப்பது ஒரு நிமிட வேலை. தொட்டிக்குள் கத்தியைப் போடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: கலங்கிய தண்ணீரில் அது தெரியாது, பாத்திரம் கழுவ வரும் அக்காவின் கைதான் முதலில் அதைக் கண்டுபிடிக்கும்.

கையை வெட்டிவிட்டது

பல் கத்தியின் காயம் நேர்க்கோடாக இருக்காது, கிழிசலாக இருக்கும், ஆறவும் நாளாகும். ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்கவில்லை என்றாலோ, விரலை மடக்க முடியவில்லை, மரத்துப்போகிறது என்றாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். டிடி ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

காயம் எப்படி வந்தது என்று யோசித்தால், பெரும்பாலும் தக்காளி உருண்டிருக்கும். முதல் துண்டைச் சீவி எடுத்து, அந்தத் தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்தால் தக்காளி உருளாது. பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, நடு மூட்டு முன்னால் நிற்கட்டும். கையில் வைத்துக்கொண்டே கட்டைவிரலை நோக்கி நறுக்கும் பழக்கம் சாதாரண கத்தியில் தப்பிவிடலாம். பல் கத்தியில் வேண்டவே வேண்டாம்.

இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது

பல் உயரம் பாதிக்கு மேல் போய்விட்டது, பள்ளத்தில் துரு குழி விழுந்துவிட்டது, கைப்பிடி ஆடுகிறது, பிளவுக்குள் தண்ணீர் இறங்கி நாறுகிறது. இதில் எது வந்தாலும் கத்தியை மாற்றுங்கள். சின்னப் பல் கத்தி பெரிய விலை இல்லை. வாங்கும்போது நெருக்கமான பல், மெல்லிய அலகு, ஒரு பக்கம் மட்டும் சரிவு, இந்த மூன்றையும் பாருங்கள். பளபளப்பும் வண்ணக் கைப்பிடியும் வெட்டாது.

பழைய கத்தியைச் சும்மா குப்பையில் போடாதீர்கள். அட்டையில் வைத்து மடித்து, அலகு வெளியே தெரியாதபடி டேப் சுற்றி, மேலே பெரிதாக “கத்தி” என்று எழுதுங்கள். தூய்மைப் பணியாளர் வரும் நேரத்தில் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாக, சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் வந்தால் அவரிடமும் கொடுக்கலாம், அதே அட்டையோடு.